அங்கெல்லாம் அரசியலே இல்லையாம்

வெளிநாட்டுக்குச் சுற்றுலா போய்வந்தவரிடம் 'எப்படி இருந்தது?' என்று கேட்டுப் பாருங்கள். முதல் ஐந்து நிமிஷம் கைப்பேசியில் படம் காட்டுவார். மலை, ஏரி, பனி, ரயில். ஆறாவது நிமிஷம் பேச்சு தானாக உள்ளூர் அரசியலுக்கு வந்துவிடும். 'தெருவில் ஒரு காகிதம் கிடையாது. பஸ் சொன்ன நேரத்துக்கு வருது. யாரும் ஹாரன் அடிக்கிறதில்லை. ஏன்னா அங்கெல்லாம் அரசியலே இல்லைங்க. நம்ம ஆளுங்க இருக்காங்களே...' அப்புறம் என்ன வரும் என்பது உங்களுக்கே தெரியும்.

நானும் இதே பாட்டைப் பாடியவன்தான். முதல் முறை டோக்கியோ போய்வந்த புதிதில், வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் இந்தப் பிரசங்கத்தைக் கேட்காமல் தப்பிக்கவில்லை. இப்போது நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. நான் பார்த்தது பொய்யில்லை. தெரு நிஜமாகவே சுத்தம்தான். ஆனால் பார்த்ததை வைத்து நான் கட்டிய கதைதான் தலைகீழ். அந்தத் தெரு அப்படி ஆவதற்காக அங்கே பெரிய அரசியலே நடந்து முடிந்திருந்தது. சண்டை ஓய்ந்து பல பத்தாண்டு கழித்து நான் போய் இறங்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

அந்தப் பயணத்தில் ஒரு மத்தியானம் காகிதக் கிண்ணத்தில் ஐஸ்கிரீம் வாங்கித் தின்றேன். தின்று முடித்ததும் கிண்ணத்தைப் போட இடம் தேடினேன். தெருமுனையில் தொட்டி இல்லை, பூங்காவில் இல்லை, ரயில் நிலைய வாசலிலும் இல்லை. பானம் விற்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருந்தது; அதில் பாட்டிலும் டப்பாவும் மட்டும் நுழையும்படி வட்டமாக ஓட்டை. கிண்ணத்தை நசுக்கி உள்ளே தள்ளிவிடலாமா என்று யோசித்தேன். பின்னால் ஒரு பாட்டி நின்றுகொண்டிருந்தார். விட்டுவிட்டேன். விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்ட, கிண்ணத்தைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டு, ராத்திரி ஹோட்டல் அறையில்தான் எறிந்தேன். தொட்டியே இல்லாமல் ஊரைச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள், இதுதான் பண்பாடு என்று அன்றைக்கே தீர்ப்பும் எழுதியாயிற்று.

தொட்டிகள் முன்பு இருந்தன. 1995 மார்ச்சில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக்குழு டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் என்ற நச்சுப் பொருளைப் பரப்பியது. அதற்குப் பிறகு பாதுகாப்புக் கருதி ரயில் நிலையங்களிலும் பொது இடங்களிலும் தொட்டிகளை எடுத்தார்கள். பல இடங்களில் அவை திரும்பி வரவே இல்லை. காலங்காலமாக வந்த பண்பாடு என்று நான் வியந்ததில் ஒரு பங்கு, ஒரு தாக்குதலுக்குப் பின் எடுத்த நிர்வாக முடிவு.

அதற்கும் முந்தைய கதைதான் முக்கியம். 1960களில் டோக்கியோவின் குப்பை, கோத்தோ என்ற கடலோரப் பகுதிக்குத்தான் லாரி லாரியாகப் போனது. கொட்டிய இடத்தின் பெயர் யுமெனோஷிமா. கனவுத் தீவு என்று அர்த்தம். பெயர் வைத்தவர் வாயில் என்ன முகூர்த்தமோ, 1965 கோடையில் அங்கிருந்து கிளம்பிய ஈக்கள் சுற்றுவட்டாரத்தையே மொய்த்தன. அதே சமயம் வசதியானவர்கள் அதிகம் வாழும் சுகினாமி பகுதியில் ஒரு குப்பை எரிக்கும் ஆலை கட்டப் பார்த்தது நகர நிர்வாகம். எங்கள் பக்கம் வேண்டாம் என்று அங்குள்ளவர்கள் வருஷக்கணக்காகத் தடுத்தார்கள். 1971இல் டோக்கியோ ஆளுநர் மினோபே ரியோகிச்சி 'குப்பைப் போர்' என்றே அறிவித்தார். உச்சம் 1973இல் வந்தது. சுகினாமியிலிருந்து வந்த குப்பை லாரிகளைக் கோத்தோக்காரர்கள் நடுரோட்டில் மறித்தார்கள். நாற்றம் எங்களுக்கு, நல்ல காற்று உங்களுக்கா என்பதுதான் கேள்வி. வழக்கு, பேச்சுவார்த்தை, மறியல் எல்லாம் நடந்து ஒரு வழியாக ஆலைக்குச் சம்மதம் கிடைத்தது. அவரவர் பகுதிக் குப்பையை அவரவர் பகுதியிலேயே தீர்க்க வேண்டும் என்ற கொள்கை வலுப்பெற்றது அந்தச் சண்டையில்தான். இன்றைக்கு நகரத்துக்கு நடுவிலேயே உயரமான புகைபோக்கியோடு எரிக்கும் ஆலைகள் நிற்கின்றன. கழிவு வெப்பத்தில் நீச்சல் குளத்துக்கு வெந்நீர் கொடுக்கும் ஆலைகளும் உண்டு. அப்படி ஒரு புகைபோக்கியை நான் ஏதோ கோபுரம் என்று நினைத்துப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒரு வாரம், பத்து நாள் விடுமுறையில் நமக்குக் கிடைப்பது விளைவு மட்டும்தான். அதற்காக யார் யாரோடு மோதினார்கள், யார் விட்டுக்கொடுத்தார்கள், யாருடைய இடம் பறிபோனது என்பதெல்லாம் கண்ணில் படாது. மோதல் கண்ணில் படாததால், மோதலே இல்லாத ஊர் என்று நினைத்துக்கொள்கிறோம்.

மொழி தெரியாததும் இதற்கு ஒரு பெரிய உதவி. டோக்கியோவில் ஒரு பள்ளிக்கூட வேலியோரம் பெரிய பலகை ஒன்றைப் பார்த்தேன். கட்டம் கட்டமாகப் பிரித்து, எண் போட்டு, கட்டத்துக்கு ஒரு சிரித்த முகம் ஒட்டியிருந்தது. பாட்டுப் போட்டி விளம்பரம் என்று நினைத்தேன். பிற்பாடுதான் தெரிந்தது, அது தேர்தல் ஆணையம் வைக்கும் வேட்பாளர் பலகை. அன்று காலை முழுக்க ஒலிபெருக்கி கட்டிய ஒரு வண்டி தெருத் தெருவாகக் கத்திக்கொண்டு போனதே, அதில் கத்தியதும் ஒரு வேட்பாளரின் பெயர்தானாம். ஆக, சுவரில் அரசியல் ஒட்டியிருந்தது, காதில் அரசியல் விழுந்தது. எனக்குப் படிக்கவும் தெரியவில்லை, புரியவும் இல்லை. ஊருக்கு வந்து 'அங்கே போஸ்டர், மைக் சத்தம் எதுவுமே கிடையாது' என்று அளந்துவிட்டேன்.

இதோடு சுற்றுலாப் பயணியின் தினசரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் அங்கே வாடகை தருவதில்லை. பிள்ளைக்குப் பள்ளியில் இடம் தேடுவதில்லை. பல்வலிக்கு மருத்துவரிடம் நேரம் கேட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதில்லை. தங்குவது நகரத்தின் மையத்தில், போவது பார்ப்பதற்கென்றே பராமரிக்கும் இடங்களுக்கு. வேலை இல்லை, மேலதிகாரி இல்லை. அந்த மனநிலையில் எந்த ஊரும் நன்றாக ஆளப்படும் ஊராகத்தான் தெரியும். திரும்பி வந்து இறங்கியதும் கட்டாத பில்லும் தொங்கும் வேலையும் காத்திருக்கும். நாம் அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமையை நம்முடைய திங்கட்கிழமையோடு வைத்து ஒப்பிடுகிறோம்.

ஆம்ஸ்டர்டாம் போய்வந்தவர்கள் சைக்கிள் பாதைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். டச்சுக்காரர்கள் பிறவியிலேயே சைக்கிள்காரர்கள் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கும் கார்தான் ராஜா. சாலையை அகலப்படுத்தக் குடியிருப்புகளையே இடித்தார்கள். 1971இல் மட்டும் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்தில் 3,000 பேருக்கு மேல் செத்தார்கள். அதில் 400க்கும் அதிகமானவர்கள் குழந்தைகள். மகளை விபத்தில் இழந்த ஒரு பத்திரிகையாளர் 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று எழுதினார். அந்தத் தலைப்பே ஒரு இயக்கத்தின் பெயரானது. பெற்றோர்கள் தெருவை மறித்தார்கள், விபத்து நடந்த இடத்தில் உட்கார்ந்தார்கள், கைதானார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட்டதும் அவர்கள் கோரிக்கைக்குக் காற்று சாதகமாக வீசியது. கடைக்காரர்கள் எதிர்த்தார்கள், கார் வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். எந்த ஊரிலும் கேட்கிற வாதம்தான். நாம் இப்போது செல்ஃபி எடுக்கும் அந்தச் சிவப்புப் பாதை, தெருவில் உட்கார்ந்தவர்கள் வாங்கிக் கொடுத்தது.

லண்டன் கதை இன்னும் நேரடி. 1858 கோடையில் தேம்ஸ் நதி சாக்கடையாக நாறியது. நதிக்கரையில்தான் நாடாளுமன்றம். திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் கலவையில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உள்ளே உட்கார முடியவில்லை. அதற்கு முன் பல முறை காலரா வந்து ஆயிரக்கணக்கானவர்கள் செத்தபோது நகராத கோப்பு, மூக்கைத் துளைத்ததும் சில வாரங்களில் சட்டமானது. பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட் கட்டிய பாதாளச் சாக்கடை அப்படி வந்ததுதான்.

சுவிட்சர்லாந்து ரயிலையும் இதே மாதிரி பார்க்கலாம். கடிகாரத்துக்குப் பேர்போன நாடு, அதனால் ரயிலும் நேரத்துக்கு வருகிறது என்று முடித்துவிடுகிறோம். பெரிய ஊர்களில் ரயில்கள் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து, பயணிகள் மாறி ஏற வசதியாக ஒன்றாகக் கிளம்பும்படி அமைத்த 'ரயில் 2000' என்ற திட்டத்தை 1987இல் மக்களிடமே வாக்கெடுப்புக்கு விட்டார்கள். நிறைவேற 2004 ஆனது. அட்டவணையின் பின்னால்கூட ஒரு வாக்குச்சீட்டு இருக்கிறது. அதே வாக்கெடுப்பு முறைதான் பெண்களுக்குத் தேசிய அளவில் ஓட்டுரிமை கிடைப்பதை 1971 வரை இழுத்தடித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓட்டுப் போட வேண்டியவர்கள் ஆண்கள் மட்டும்தானே! மலை உச்சியில் சாக்லேட் தின்னும்போது இதையெல்லாம் யாரும் சொல்லித் தர மாட்டார்கள்.

சிங்கப்பூர் போய்வந்தவர்கள் கொண்டுவரும் கருத்து கொஞ்சம் வேறு ரகம். அவர்கள் அரசியல் இல்லை என்று சொல்வதோடு நிற்பதில்லை. 'கண்டிப்பான ஒரு ஆள் வந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும்' என்பார்கள். அபராதமும் சூயிங்கம் தடையும்தான் அவர்கள் நினைவில் நிற்கின்றன. தடை வந்தது 1992இல். நகரம் அதற்கு முன்பே சுத்தமாகிவிட்டது. சிங்கப்பூர் ஆற்றையே எடுத்துக்கொள்வோம். இன்று கரையோரம் காற்று வாங்கும் அந்த ஆறு 1970களில் பன்றிப் பண்ணைக் கழிவும் தெருக்கடைக் கழிவும் சேர்ந்து ஓடிய சாக்கடை. 1977இல் லீ குவான் யூ பத்து வருஷக் கெடு வைத்தார். ஆயிரக்கணக்கான குடும்பங்களை அரசு கட்டிய அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். தெருவோர வியாபாரிகளுக்குக் குழாய்த் தண்ணீரும் வடிகாலும் உள்ள கூடங்களில் இடம் கொடுத்தார்கள். பண்ணைகளை அகற்றினார்கள். வேலை 1987இல் முடிந்தது. 1966இல் கொண்டுவந்த நில எடுப்புச் சட்டம் அரசுக்குப் பெரிய அதிகாரம் கொடுத்திருந்ததால்தான் இவ்வளவும் நடந்தது. நிலம் இழந்தவர்கள் சந்தோஷமாகவா கொடுத்திருப்பார்கள்?

அங்கே கார் வாங்குவதற்கு முன் அதை வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990இலிருந்து இதுதான் முறை. சான்றிதழ் பத்து வருஷம்தான் செல்லும். 2023இல் அதன் விலை மட்டும் 1,00,000 சிங்கப்பூர் டாலரைத் தாண்டியது. நெரிசல் இல்லாத சாலையைப் பார்த்து வாய் பிளந்த அதே பயணி, இப்படி ஒரு விதியை அவர் ஊரில் கொண்டுவந்தால் மறியலில் முதல் ஆளாக நிற்பார். நானும் பக்கத்தில் நிற்பேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கண்டிப்பு என்றால் யார் மேல் கண்டிப்பு என்பதும் ஒரு கேள்வி. சிங்கப்பூரின் ஊழல் விசாரணை அமைப்பு 1952இலேயே, ஆங்கிலேயர் காலத்தில், தொடங்கியது. முன்னாள் போக்குவரத்து அமைச்சர் ஈஸ்வரன், பதவியில் இருந்தபோது விலையுயர்ந்த அன்பளிப்புகள் வாங்கியதற்காக 2024இல் 12 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். பயணி வியக்கும் கண்டிப்பு துப்பியவருக்கு அபராதம் போடுவது. அமைச்சரைத் தொடுகிற கண்டிப்பைப் பற்றி மூச்சே விடுவதில்லை. இன்னொரு பக்கமும் உண்டு. அந்தப் பளபளப்பான கட்டடங்களைக் கட்டும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நகர விளிம்பிலுள்ள விடுதிகளில், ஒரே அறையில் பலராக வாழ்கிறார்கள் என்பது 2020இல் கொரோனா அந்த விடுதிகளில் பரவியபோதுதான் உலகத்துக்கு உறைத்தது. சுற்றுலா பஸ் அந்தப் பக்கம் போவதில்லை.

சில சமயம் பார்க்கவிடாமல் செய்வதே ஆட்சியின் வேலையாக இருக்கும். 1933இல் பிரான்சின் முன்னாள் பிரதமர் எதுவார் எரியோ சோவியத் உக்ரைனுக்குப் போனார். லட்சக்கணக்கானவர்கள் பட்டினியில் செத்துப்போயிருந்த நேரம். அவர் போகும் தெருக்களைக் கழுவி, கடைகளை நிரப்பி வைத்தார்கள். பஞ்சமெல்லாம் இல்லை, செழிப்பாக இருக்கிறது என்று திரும்பி வந்து சொன்னார். அவர் முட்டாள் இல்லை, காட்டியதைப் பார்த்தார். விடுமுறைக்குப் போகும் நமக்காக யாரும் தெருவைக் கழுவுவதில்லை. காட்டாததைப் பார்க்க நமக்கும் நேரம் இருப்பதில்லை.

அப்படியானால் போய்வந்து அரசியல் பேசுவதே தப்பா? இல்லை. பார்த்ததை வைத்து ஊரையே திருப்பிப்போட்டவர்கள் இருக்கிறார்கள். 1871 டிசம்பரில் ஜப்பானின் இவாகுரா தோமொமி தலைமையில் அந்நாட்டின் ஆட்சியாளர்களே ஒரு பெரும் குழுவாகக் கப்பலேறினார்கள். அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பா என்று கிட்டத்தட்ட இரண்டு வருஷம். அரண்மனை விருந்தோடு நிற்காமல் தொழிற்சாலை, சிறைச்சாலை, பள்ளிக்கூடம், தபால் நிலையம் என்று நுழைந்து பார்த்தார்கள். இது எப்போது வந்தது, யார் பணம், எத்தனை வருஷமாயிற்று என்று கேட்டு எழுதினார்கள். குமே குனிதாகே எழுதிய பயணக் குறிப்பு ஐந்து தொகுதி வந்தது. ஐரோப்பாவின் வளம் பெரும்பாலும் சமீப காலத்தில் வந்ததுதான் என்று அவர் கவனித்து எழுதினார். எட்ட முடியாத உயரம் என்று நினைத்தது, நடந்தே போகக்கூடிய தூரமாக மாறியது அங்கேதான்.

பெரியாரின் பயணமும் இந்த வகையில் வரும். 1931 டிசம்பரில் கிளம்பி 1932 நவம்பரில் திரும்பினார். சோவியத் நாட்டில் ஏறத்தாழ மூன்று மாதம் இருந்தார். திரும்பியதும் ஈரோட்டில் சிங்காரவேலரோடு சேர்ந்து சமதர்மத் திட்டம் தீட்டினார். பெயருக்கு முன்னால் 'தோழர்' என்று போடுங்கள் என்றார். சோவியத்தைப் பற்றிய அவர் மதிப்பீடு எல்லாம் சரியா என்று வாதாடலாம். எனக்குப் பிடித்தது வேறு. இங்கிலாந்து போனவர் அங்கிருந்த தொழிலாளர் கூட்டத்தில் ஏறி, உங்கள் கட்சி ஆட்சிக்கு வந்து இந்தியத் தொழிலாளிக்கு என்ன செய்தது என்று கேட்டார். போன இடத்தில் நடக்கும் அரசியலிலேயே வாயைக் கொடுத்துவிட்டு வந்த பயணி அவர்.

நான் அந்த அளவுக்கெல்லாம் இல்லை. 2023 மார்ச்சில் பாரிஸ் போனபோது எனக்கு ஒரு சோதனை வந்தது. ஓய்வு பெறும் வயதை 62இலிருந்து 64 ஆக்கும் சட்டத்தை எதிர்த்துத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். தெருவெங்கும் கறுப்புப் பைகள் தோள் உயரத்துக்கு. நகரத்தில் அள்ளாத குப்பை 10,000 டன்னைத் தொட்டது. ஊர்வலத்தால் மெட்ரோ சில நிலையங்களில் நிற்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தே அறைக்குப் போகும்போது, 'ஆசை ஆசையாய் வந்தால் இப்படியா' என்று முணுமுணுத்தேன். டோக்கியோவில் ஐம்பது வருஷம் தாமதமாகப் போனேன். பாரிஸில் சண்டை நடக்கும்போதே போய்விட்டேன். நடக்கும்போது பார்த்தால் எந்த அரசியலும் தொல்லையாகத்தான் தெரிகிறது.

அறைக்குப் போய் உட்கார்ந்ததும் இன்னொன்று உறைத்தது. சம்பளத்தோடு விடுமுறை என்பதே அதே நாட்டில் 1936 வேலைநிறுத்தங்களில் தொழிலாளிகள் வாங்கியதுதான். தொழிற்சாலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். ஜூனில் வருஷத்துக்கு இரண்டு வார ஊதிய விடுமுறை சட்டமானது. லேயோ லாக்ராஞ்ச் என்ற இளம் துணை அமைச்சர் விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு ரயில் கட்டணத்தில் 40 சதவீதம் தள்ளுபடி வாங்கிக் கொடுத்தார். எதிர்த்தரப்பு அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'சோம்பேறித்தன மந்திரி'. அந்தக் கோடையில் முதல்முறையாகக் கடலைப் பார்த்த குடும்பங்கள் ஏராளம். நானும் அப்போது ஊதிய விடுப்பில்தான் இருந்தேன்.

இவ்வளவையும் யோசித்துவிட்டு ஊருக்கு வந்தேன். பழக்கப்படி மாமா கேட்டார்.

'பாரிஸ் எப்படிடா?'

'ஒரே குப்பை மாமா.'

அவர் முகத்தில் வந்த மலர்ச்சியைச் சொல்ல முடியாது. 'அங்கேயுமா!' என்றார். உள்ளே திரும்பி அத்தையிடமும் ஒரு முறை சொன்னார். அப்புறம்தான் ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாகிறது.

'ரெண்டு வருஷத்துக்காகவா இவ்வளவும்?'

'ரெண்டு வருஷத்துக்காகத்தான்.'

'ஜெயிச்சாங்களா?'

'அப்போதைக்கு இல்லை.'

கொஞ்ச நேரம் விசிறி மட்டையால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். 'அப்புறம் குப்பையை யார் எடுத்தாங்க?'

'அவங்களேதான் மாமா.'